பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் முதல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று சங்கத்துக் காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டுக் கூட்டமென்றால் வரவு செலவைப் பற்றியும், மாணவர்க்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளத்தைப் பற்றியும், கட்டவேண்டிய மண்டபத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றைப் பற்றிப் பேச எம்மினும் வல்லவர் பலர் இங்கே வீற்றிருக்கிறார்கள். யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப் போலப் பெரிதன்று. அது நம் வீட்டு அடுக்களையிலும் முற்றத்திலும் வாசலிலும் நாள்தோறும் நடப்பது. பால்குடி மறந்த நாள் முதல் ஏழெட்டு வயது வரையில் நம் பிள்ளைகளை எங்ஙனம் வளர்த்தால் அவர்கள் தம்மில் நம்பிக்கையும் கைத்திறமும் உடையவர்களாய் நிற்பார்கள் என்பதே அவ்விஷயம்.

நம்மவருட் பெரும்பாலோர் வணிகர். ஆதலின் வணிகர் வழக்கிலேயே தொடங்குகின்றோம். கடை வைப்பவன் முதற்கண் முதல் வைக்கிறான். முதலில்லாத கடையில் எத்தனை விளக்கு ஏற்றினாலும் வியாபாரம் நடவாது. பிள்ளைக்கும் ஒரு முதல் உண்டு. அது நாம் வங்கியில் இடும் பணமன்று. பள்ளிக்கூடத்திற்குக் கட்டும் சம்பளமுமன்று. “இக்காரியத்தை என்னால் செய்யக்கூடும்” என்று அப்பிள்ளை தன் நெஞ்சிலே கொள்ளும் உறுதியே அம்முதல். அதனை நாம் கொடுக்கின்றோமா, அன்றி நம்மை அறியாமலே பறித்துக்கொள்கின்றோமா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

யாம் சில ஆண்டுகள் மாணவர் விடுதியொன்றை மேற்பார்த்து வந்தோம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அங்கு வந்து சேர்வார்கள். கணக்கிலும் மொழியிலும் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். ஆயினும் படுத்த பாயைச் சுருட்டி வைக்க அறியார். தம் சட்டையை அலசிப் பிழிய அறியார். தலை வாரிக்கொள்ளவும் அறியாதவர் சிலர் இருந்தனர். அவர்களுள் ஒருவனை யாம் மறக்கவில்லை. சேர்ந்த மூன்றாம் வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் அவன் எவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாட்காலை பந்தியில் அவன் இலையில் இட்டது இட்டபடியே கிடந்ததைப் பார்த்துத்தான் யாம் அறிந்தோம். மருத்துவரிடம் காட்டி உடம்பு தெளிந்த பின், “ஏனப்பா சொல்லவில்லை?” என்று கேட்டோம். “யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை ஐயா. வீட்டில் நான் சொல்லாமலே அம்மா பார்த்துக்கொள்வார்கள்” என்றான். அத்தாயின் அன்பில் குறையில்லை. ஆனால் அவ்வன்பு மகனுக்கு வாய் திறக்கும் வேலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்று முதல் இவ்விஷயம் எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றது.

பிள்ளைக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகின்றது? “நீ கெட்டிக்காரன், நீ சிங்கக்குட்டி” என்று நாம் காலையும் மாலையும் சொல்வதனால் வருமென்று பலர் எண்ணுகின்றார்கள். நீந்தத் தெரியாதவனைக் கரையிலே நிறுத்தி, “நீ பெரிய நீச்சற்காரன்” என்று நூறு தரம் சொன்னாலும் அவன் தண்ணீரைக் கண்டு அஞ்சத்தான் செய்வான். ஒரு நாள் இடுப்பளவு நீரில் அவனே கையும் காலும் அடித்து நான்கு முழம் கடந்தானாயின், அதன்பின் எவரும் அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம்பிக்கை என்பது சொல்லால் ஊற்றப்படுவதன்று. தன் கையால் ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தினின்று ஊறுவது. ஆகவே பிள்ளைக்குச் செய்ய ஒரு காரியமும், அதனைச் செய்ய அவகாசமும், தவறினால் மீண்டும் செய்ய இடமும் வேண்டும். இம்மூன்றையும் கொடுப்பதே பெற்றோர் கடமை என்பது எமது அபிப்பிராயம்.

குழந்தைக்கு வேலையில் விருப்பமில்லை, விளையாட்டிலேதான் விருப்பம் என்று சிலர் சொல்வார்கள். நடை பழகிய குழந்தையை உற்றுப் பார்த்தவர் அங்ஙனம் சொல்லார். தாய் துடைப்பத்தை எடுத்தால் குழந்தையும் துடைப்பத்தைப் பற்றுகின்றது; கீரை ஆய்ந்தால் தானும் ஒரு தண்டை எடுத்து ஒடிக்கின்றது. ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் வார்னெக்கன், தோமசெல்லோ என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2006-ஆம் ஆண்டில் 18 மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவர் துணி உலர்த்தும்போது கவ்வியைக் கைதவற விட்டு, அதை எட்ட இயலாதவர் போல் கையை நீட்டுவார். எவரும் ஏவாமலே குழந்தைகள் எடுத்துக் கொடுத்தன. கை நிறையப் பொருளோடு வந்து அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நின்றால், தாமே சென்று திறந்துவிட்டன. அவர்களே 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு சோதனையில், உதவிக்குக் கைம்மாறாகப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பின்னர் உதவுவதில் விருப்பம் குன்றியதும் தெரிந்தது. ஆகவே உதவும் எண்ணம் நாம் புகட்டவேண்டிய ஒன்றன்று; கூலி காட்டி வளர்க்கவேண்டியதுமன்று. அது பிறவியிலேயே தலைகாட்டுகின்றது. “போ அந்தப் பக்கம், கொட்டிவிடுவாய்” என்று அதனை விரட்டுகின்றவர்கள் நாமே. மூன்று வயதில் விரட்டிவிட்டு, பதின்மூன்று வயதில் “ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டேன் என்கிறானே” என்று நோகின்றோம்.

இவ்வுண்மையைக் கண்டு அதன்மேல் ஒரு கல்வி முறையையே கட்டியவர் இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் ஒரு மருத்துவர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதற் “குழந்தைகள் வீட்டை”த் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த சிறு குழந்தைகளே அவருடைய மாணாக்கர். அவர்களுக்கு ஏற்ற சிறிய நாற்காலி, தாழ்ந்த அலமாரி, சிறு கைக்கு அடங்கும் பாத்திரம் ஆகியவற்றை வைத்தார். கை கழுவுதல், பொத்தான் பூட்டுதல், நீர் ஊற்றுதல், மேசை துடைத்தல் ஆகிய வாழ்க்கைக் காரியங்களே அங்குப் பாடமாயின. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களைக் காட்டிலும் இவ்வேலைகளையே அக்குழந்தைகள் விரும்பின. உடையாத பாத்திரத்தைக் கொடுத்தால் குழந்தை கவனத்தைக் கற்காது என்று, உடையக்கூடிய கண்ணாடியையும் பீங்கானையுமே அவர்கள் கையிற் கொடுத்தார். இவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலக யுத்தம் மூண்டமையால் ஊர் திரும்ப இயலாது, அடையாற்றிலும் கோடைக்கானலிலும் தங்கித் தம் பணியை நடத்தினார். ஆதலின் அவர் நமக்கு முற்றும் அயலாரல்லர்.

அம்மையார் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி நினைக்கத் தக்கது. ஒருநாள் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க எண்ணினார். கைக்குட்டையை எடுத்து, பிறர் காணாதவாறும் ஓசை எழாதவாறும் மூக்கைத் துடைப்பது எங்ஙனம் என்று மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எண்ணியிருந்தார். அவர்களோ கண்கொட்டாமல் பார்த்திருந்து, முடிவில் கைதட்டி ஆரவாரித்தார்கள். காரணம் என்ன? மூக்கு ஒழுகுகிறது என்று அக்குழந்தைகளை எல்லாரும் ஏசியிருக்கிறார்கள். எவரும் அமைதியாக அருகிருந்து கற்றுக்கொடுத்ததில்லை. ஏசுவதற்கும் கற்பிப்பதற்கும் உள்ள தூரத்தை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. “சட்டையை ஒழுங்காகப் போடத் தெரியாதா?” என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! ஒரு முறையாவது உட்கார்ந்து, முதற் பொத்தானை எந்தத் துளையில் இடுவது என்று காட்டியிருக்கின்றோமா?

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். விடுமுறை நாளில் தகப்பனார் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்வார். பிள்ளை ஒரு மூலையில் அமர்ந்து பழைய தாளில் பொட்டலம் மடிக்கப் பழகும். முதலில் மடித்த பொட்டலத்தில் பருப்பு அடிவழியே ஒழுகும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பிரித்து, மூலையை மடக்கும் வகையை ஒருமுறை காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். பத்தாவது பொட்டலம் நிற்கும். பின்னர்ப் படிக்கல்லை அடையாளம் காணல், தராசு முள்ளைப் பார்த்தல், மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தல், வந்தவரை “வாங்கம்மா, என்ன வேண்டும்?” என்று கேட்டல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய்ப் படியும். பேச்சுப் போட்டிக்குச் செல்லாமலே அப்பிள்ளைக்கு நாலு பேரோடு பேசும் நா வாய்த்தது.

ஆனால் ஒன்று கூறுதல் வேண்டும். பிள்ளையின் படிப்பைக் கெடுத்துக் கடையில் நிறுத்துவது யாம் சொல்லும் வழியன்று. நம் முன்னோருள் அங்ஙனம் நிறுத்தப்பட்டுக் கடைசிவரையில் எழுத்தறியாது வருந்தியவரும் உண்டு. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கின்றது. பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத முறையில் தம் குடும்பத்திற்கு உதவுவதை அது விலக்கி வைத்திருக்கின்றது. யாம் சொல்வது ஆதாயத்திற்காகப் பிள்ளையிடம் வேலை வாங்குவதன்று. பிள்ளையின் ஆக்கத்திற்காக நம் வேலையில் ஒரு துளியை அதனோடு பங்கிடுவது. முன்னதில் லாபம் நமக்கு. பின்னதில் நமக்கு நஷ்டமே. பருப்புச் சிந்தும், நேரம் போகும். அந்த நஷ்டத்தை மனமுவந்து ஏற்பதே பிள்ளைக்கு நாம் வைக்கும் முதல்.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் எமது குற்றத்தையும் இச்சபையில் சொல்லிவிடுதல் முறை. எம் மூத்த மகனுக்கு அப்போது நான்கு வயது. வீட்டிற்கு விருந்தினர் வந்திருந்தனர். அவன் எவரும் சொல்லாமலே அடுக்களைக்குச் சென்று, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, இரு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்திற்கு வந்தான். நிலைப்படியைத் தாண்டும்போது கால் இடறிற்று. செம்பு உருண்டது, விருந்தினர் வேட்டி நனைந்தது. யாம், “உனக்கு எதற்கடா இந்த வேலை? உருப்படியாக ஒன்று செய்யத் தெரியுமா?” என்று எல்லாரும் கேட்கச் சொன்னோம். விருந்தினர் சிரித்தார்கள். அவன் அழவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதன்பின் விருந்தினர் முன் அவன் வருவதே குறைந்தது. எவரேனும் பெயர் கேட்டால் தாயின் பின்னே ஒளிவான். யாமோ, “இவன் கூச்ச சுபாவம்” என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டினோம். பிள்ளைக்கு நாம் கொடுத்த காயத்தையே அதன் சுபாவம் என்று நாமே சொல்வது எத்துணைக் கொடுமை! பதினேழு வயதில் கல்லூரியில் சேர்வதற்குப் படிவம் வாங்கச் சென்றவன், சாளரத்தின் முன் நின்று கேட்க வாயெழாமல் திரும்பி வந்தான். அன்றுதான் அச்செம்பு உருண்ட ஓசை எம் காதில் மறுபடியும் கேட்டது.

அவனுக்கு நான்காண்டு இளையவள் எம் மகள். அவள் பெரும்பாலும் எம் தாயாரிடம் வளர்ந்தாள். அம்மூதாட்டியார் எழுத்து வாசனை அதிகம் அறியாதவர். ஆனால் பேத்தியைப் பக்கத்தில் இருத்தி மொச்சை உரிக்கச் செய்வார். உரித்தவற்றைப் பத்துப் பத்தாய்க் குவிக்கச் சொல்வார். தண்ணீர் சிந்தினால், “சிந்திற்றா? துணி அங்கே இருக்கிறது கண்ணு” என்பார், வேறொன்றும் சொல்லார். அவளே துடைப்பாள், அவளே மறுபடியும் மொள்ளுவாள். ஆறு வயதில் அவள் மூலைக் கடைக்குச் சென்று வெல்லம் வாங்கி வருவாள். எம் தாயார் வாசற்படியில் நின்று அவள் திரும்பும் வரையில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், “பாட்டி, கடைக்காரர் ஒரு ரூபாய் அதிகமாய்க் கொடுத்துவிட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்” என்றாள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பெற்றோர். ஒரு பிள்ளைக்கு அவகாசம் கிடைத்தது. மற்றொரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இனி, வீட்டிலே செய்யக்கூடியவற்றைச் சிறிது விரித்துச் சொல்கின்றோம். இரண்டு வயதுக் குழந்தை தன் விளையாட்டுப் பொருள்களை ஒரு கூடையில் எடுத்து வைக்கும். அழுக்குத் துணியை அதற்குரிய இடத்தில் இடும். மூன்று வயதில் தானே கை கழுவும், செருப்பை ஜோடியாக வைக்கும், தன் கையால் உண்ணும். சிந்துமே என்று ஊட்டிக்கொண்டே இருத்தல் கூடாது. கீழே ஒரு தாளை விரித்துவிட்டு உண்ண விடுதல் வேண்டும். நான்கு வயதில் பட்டாணி உரிக்கும், கீரை ஆயும், சிறு செம்பில் அரைச் செம்பு நீர் கொண்டுவரும். ஐந்தாறு வயதில் தன் தட்டைக் கழுவும், துணி மடிக்கும், ஒரு செடிக்கு நாள்தோறும் நீர் வார்க்கும். ஏழெட்டு வயதில் அத்தை வீட்டிற்கு ஒரு செய்தியைத் தானே பேசித் தெரிவிக்கும், சிறு பணத்தை எண்ணிச் செலவிட்டுக் கணக்குச் சொல்லும். பிள்ளைக்குப் பிள்ளை இது முன்பின் ஆகலாம். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நோதல் வேண்டா. நெருப்பு, கிணறு, கூரிய கத்தி, வண்டியோடும் சாலை ஆகிய இவற்றிலே மாத்திரம் நம் கண்ணும் கையும் அருகிருத்தல் வேண்டும். மற்றவற்றில் கண் இருந்தால் போதும், கை வேண்டா.

இதற்கு வீட்டில் சில சிறு ஏற்பாடுகள் செய்தல் நலம். பிள்ளை எட்டும் உயரத்தில் அதன் சட்டை மாட்ட ஓர் ஆணி, அதன் கைக்கு ஏற்ற ஒரு சிறு துடைப்பம், ஒரு சிறு செம்பு, குழாயடியில் ஏறி நிற்க ஒரு மணை. இவற்றிற்கு ஆகும் செலவு ஒருநாள் வாங்கும் பொம்மைக்கு ஆகும் செலவிலும் குறைவு.

பெரிய இடையூறு ஒன்றுண்டு. அது நமது அவசரம். காலையில் பள்ளி வண்டி வாசலுக்கு வந்துவிடும். பிள்ளை தன் காலணிப் பட்டையை மாட்ட ஐந்து நிமிஷம் ஆகின்றது. நாம் மாட்டினால் அரை நிமிஷம். ஆகவே நாமே மாட்டுகின்றோம். சோற்றையும் நாமே ஊட்டுகின்றோம். பையையும் நாமே சுமக்கின்றோம். நான்கரை நிமிஷம் மிச்சம் பிடித்து, பிள்ளையின் திறமையை விற்றுவிடுகின்றோம். கால் மணி நேரம் முன்னதாக எழுப்பினால் தீரும் காரியம் இது. காலையில் இயலாதாயின் மாலையிலும் விடுமுறையிலுமாவது பிள்ளையின் வேகத்திற்கு நாம் நடத்தல் வேண்டும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளின் கஷ்டத்தை யாம் அறியாமல் சொல்லவில்லை. நாளொன்றுக்கு ஒரே ஒரு காரியத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்தாலும் ஓராண்டில் அது பெரும் பழக்கமாகும்.

அடுத்தது சொல். பிள்ளையைப் புகழ்தல் வேண்டும். ஆனால் எதனைப் புகழ்வது என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்னும் இரு அம்மையார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்தபின் சிலரை “நீ அறிவாளி” என்றும், சிலரை “நன்கு முயன்றாய்” என்றும் புகழ்ந்தார்கள். பின்னர்க் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியுறச் செய்தார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்கள் விரைவில் மனந்தளர்ந்தார்கள். அதன்பின் கொடுத்த எளிய புதிர்களையும் முன்போலச் செய்யவில்லை. முயற்சியைப் புகழப்பெற்றவர்களோ தொடர்ந்து முயன்று முன்னேறினார்கள். அறிவாளி என்ற பட்டத்தைச் சுமந்தவனுக்கு அது பறிபோகுமே என்ற அச்சம். முயன்றவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆதலின் “நீ புத்திசாலி” என்பதினும், “செம்பு ததும்பாமல் மெல்ல நடந்து வந்தாயே” என்று செய்ததைக் கண்டு சொல்வதே மேல்.

விருந்தினர் பிள்ளையிடம் ஒன்று கேட்டால் நாம் முந்திக்கொண்டு விடை சொல்லுதல் கூடாது. சற்றுப் பொறுத்தால் அது தானே சொல்லும், சொல்லாவிடினும் குற்றமில்லை. “இன்றைக்குச் சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?” என்று கேட்டு, அது சொன்னதை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்புண்டு என்று கண்ட பிள்ளைதான் வெளியே வாய் திறக்கும். “பூச்சாண்டி பிடித்துக்கொள்வான், போலீஸ்காரர் வந்துவிடுவார்” என்று அச்சுறுத்துதல் விட்டொழிக்கத் தக்கது. இடரில் எவரிடம் ஓடிச் சென்று உதவி கேட்கவேண்டுமோ, அவரையே பூதமாக்கிக் காட்டுதல் என்ன அறிவு? அன்றியும், நாம் தவறு செய்தால், “அப்பா கோபத்தில் சொல்லிவிட்டேன், அது தப்பு” என்று பிள்ளையிடமே ஒப்புக்கொள்ளுதல் நம் கௌரவத்திற்குக் குறைவன்று. தவறினாலும் உலகம் இடிந்துவிடாது என்பதை அதனினும் நன்கு கற்பிக்கும் பாடம் வேறில்லை.

அடித்து வளர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. “அடியாத மாடு படியாது” என்று ஒரு பழமொழியை எடுத்துக்காட்டுவார்கள். பிள்ளை மாடன்று. அடிக்கு அஞ்சிய பிள்ளை தவறு செய்யாமல் இருக்கக் கற்பதில்லை. தவற்றை மறைக்கக் கற்கின்றது. பள்ளியில் பிள்ளைகளை உடல் நோக அடித்தலும் மனம் நோக வருத்துதலும் ஆகா என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆசிரியர்க்கு ஆகாதது பெற்றோர்க்கு மாத்திரம் ஆகுமோ?

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாது விடுதல் இக்காலத்தில் இயலாது. குழந்தை அழுதால் கைப்பேசி, உண்ண மறுத்தால் கைப்பேசி என்று பழக்கிவிட்டோம். ஒரு வயது வரையிலும், அதனையடுத்த ஆண்டிலும் அவ்வகைத் திரைகளைக் காட்டவே வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டில் அறிவுரை வெளியிட்டிருக்கிறார்கள். எமது எண்ணத்தில், அதன் தீங்கு கண்ணோடு நிற்பதன்று. திரையைப் பார்க்கும் பிள்ளையின் கை சும்மா கிடக்கின்றது. கை சும்மா கிடக்கும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை எதனின்று ஊறும்? பிள்ளையிடமிருந்து அதனை வாங்குமுன் நம் கையிலிருப்பதைக் கீழே வைத்தல் வேண்டும் என்பதையும் யாம் சொல்லவேண்டியதில்லை.

தாய்மார்களே! பெண் மக்களைப் பற்றி ஒன்று. நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு வேலை கொடுப்பதில்லை; பெண் பிள்ளைக்குச் சொல் கொடுப்பதில்லை. அவன் தட்டை அவள் கழுவுகின்றாள். அவள் சார்பில் அவன் பேசுகின்றான். இதனால் ஒருவன் கையிழந்தான், ஒருத்தி வாயிழந்தாள். தன் தட்டைத் தான் கழுவும் மகனும், தன் விருப்பத்தைத் தான் சொல்லும் மகளும் ஒரே வீட்டில் வளர்தல் வேண்டும். நம் சங்கம் பெண் கல்விக்குக் கொடுக்கும் பணம் பயன்படவேண்டுமாயின், ஐந்து வயதிலேயே அவள் சொல்லை நாம் செவிசாய்த்துக் கேட்டிருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று; குலச் சங்கத்தின் கூட்டத்திலே நின்று சொல்வதால் இதனைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். “நாம் இன்னார், நமக்கு என்ன குறை?” என்று பிள்ளைக்குக் குலப்பெருமை ஊட்டினால் தன்னம்பிக்கை வருமென்று எண்ணுவாருண்டு. அது தன்னம்பிக்கையன்று, கடன் வாங்கிய நகை. அதனை அணிந்தவன் தன் தெருவில் நிமிர்ந்து நடப்பான். அயலூரில் அவன் குலத்தை எவரும் கேளாத இடத்தில் குனிந்துவிடுவான். அதனினும் கேடு, “இது நம்மவர் செய்யும் வேலையன்று” என்று சில வேலைகளை இழிவாகக் காட்டுதல். தெருவைப் பெருக்கும் அம்மையாரை மரியாதையோடு அழைக்கக் கற்ற பிள்ளை எவ்வேலைக்கும் நாணாது. எந்த மனிதர் முன்னும் அஞ்சாது. பிறரைத் தாழ்த்தி உயரக் கற்ற பிள்ளை, தன்னினும் மேலானவரைக் கண்டால் தாழக் கற்றதே ஆகும். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் நம் பிள்ளைகளுக்கு அப்பெயரைக் கொடுப்பதினும், அப்பெயர் இன்றியே நிற்கும் வலிமையைக் கொடுத்தால் அதுவே பெருமை.

முடிக்குமுன் ஒரு செய்தி. சென்ற மாதம் எம் மூத்த மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். கல்லூரிச் சாளரத்தில் வாயெழாமல் திரும்பினவன், பின்னர்ப் பல ஆண்டு பாடுபட்டுத் தன் கூச்சத்தைத் தானே வென்று, இன்று நல்ல நிலையில் இருக்கின்றான். எம்மைக் காண அயலார் இருவர் வந்தனர். எம் பேரன், மூன்றரை வயதினன், அடுக்களையிலிருந்து ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். எமக்கு நெஞ்சு படபடத்தது; “பார்த்து, பார்த்து” என்று எழப்போனோம். மகன் எம் கையை மெல்லத் தொட்டு இருத்தினான். பிறகு நிலைப்படியருகே சென்று தரையில் அமர்ந்து, “மெதுவாக வா. அப்பா இங்கேதான் இருக்கிறேன்” என்றான். பாதி நீர் வழியிலேயே சிந்திற்று. மீதியை அக்குழந்தை விருந்தினர் கையிற் கொடுத்துவிட்டு, தானே துணியைத் தேடிக்கொண்டு ஓடிற்று.

மகன் எம்மை ஒன்றும் சொல்லவில்லை. யாமும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்நிலைப்படியில் அவனுக்கு யாம் கொடுத்திருக்கவேண்டியதை, அவன் தன் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்பதை மாத்திரம் யாம் அறிந்தோம்.

சகோதரர்களே, சகோதரிகளே! இன்று வீடு திரும்பியதும் உங்கள் குழந்தை ஏதேனும் ஒரு சிறு காரியத்திற்குக் கை நீட்டும். அப்போது அதனைத் தடுக்காமல், ஒரு துணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள். யாம் இவ்வளவு நேரம் பேசியதன் பயன் அதுவேயாகும்.